பல்பீனால்: பிளம் தோலில் தொடங்கும் சொல்

பிளம் பழத்தைத் தோலோடு கடித்தால் முதலில் புளிப்பும் இனிப்பும் தெரியும். மென்று விழுங்கும்போது நாக்கு வறண்டு, இழுத்துப் பிடிக்கும். அதுதான் துவர்ப்பு. தோலில் உள்ள டானின்கள் எச்சிலின் புரதத்தோடு ஒட்டி, அதைப் பால் திரிவதுபோல் திரியவைப்பதால் வாயின் வழவழப்பு போய்விடுகிறது. டானின்கள் அடங்கிய பெரிய குடும்பத்தின் பெயர் பாலிஃபீனால்.

'பாலி' என்றால் கிரேக்கத்தில் 'பல'. 'ஃபீனால்' வெளிச்சத்திலிருந்து வந்த சொல். நிலக்கரி வாயுவில் விளக்கெரித்த காலத்தில், அந்த வாயுத் தயாரிப்போடு கிடைத்த பென்சீனுக்கு, 'ஒளிர்தல்' என்னும் கிரேக்க வேரிலிருந்து 'ஃபீன்' என்று பெயரிட்டார் பிரெஞ்சு வேதியியலாளர் ஒகுஸ்த் லோரான். பென்சீன் ஆறு கார்பன் அணுக்களாலான வளையம். அந்த வளையத்தில் ஒரு ஹைட்ராக்சில் (ஆக்சிஜன்–ஹைட்ரஜன் இணை) ஒட்டியிருந்தால் ஃபீனால். பினாயில் என்ற சொல்லும் இதே வேர்தான். அதற்காகப் பழத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

தமிழில் பல்கோணம் போலவே 'பல்பீனால்' எனலாம். பாதி மொழிபெயர்ப்புதான், ஆனால் பிழையில்லாதது. 'துவர்ப்பொருள்' என்று முழுக்கத் தமிழாக்க ஆசை வரும். துவர் என்பதற்குச் சுவை, செந்நிறம் என இரு பொருளும் உண்டு. பிளம் தோலில் இரண்டும் இருக்கின்றன. ஆனால் துவர்ப்பைத் தருவது டானின், சிவப்பைத் தருவது ஆந்தோசயனின். பிளத்தில் மிகுதியாக உள்ள நியோகுளோரோஜெனிக் அமிலத்துக்கோ நிறமே இல்லை. ஆகவே 'துவர்ப்பி' என்பதை டானினுக்கு மட்டும் வைத்துக்கொள்வதே நல்லது.

அந்த அமிலத்தின் பெயரிலும் ஒரு பொறி இருக்கிறது. 'குளோரோ' என்று பார்த்ததும் குளோரின் அமிலம் என்று பெயர்த்துவிடக்கூடாது. அதில் குளோரின் அணு ஒன்றுகூடக் கிடையாது. குளோரோஸ் என்றால் வெளிர்பச்சை. காற்றுப் பட்டுப் பச்சை நிறம் தரும் என்பதால் வந்த பெயர் அது. இன்னொன்று: இதில் பென்சீன் வளையம் ஒன்றே ஒன்று, ஹைட்ராக்சில்கள்தான் அதில் இரண்டு. பல்பீனால் என்றால் இப்படிப்பட்ட வளையங்கள் பல வேண்டும் என்று கறாராகப் பார்ப்பவர்கள் இதைப் பல்பீனாலாகவே ஏற்கமாட்டார்கள்.

'ஆன்டிஆக்ஸிடன்ட்' வேறு வகைச் சொல். பல்பீனால் என்பது அமைப்பைச் சொல்கிறது, இது ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் செயலைச் சொல்கிறது. இரண்டையும் ஒன்றாக எழுதுவதுதான் அடிக்கடி நேரும் தவறு. வைட்டமின் சி பல்பீனால் அல்ல, ஆனால் இந்தச் செயலைச் செய்யும். 'ஆக்சிஜன் எதிர்ப்பி' என்பது பொருந்தாது. ஆக்சிஜனேற்றம் என்பது எலக்ட்ரான் இழப்பு, அதற்கு ஆக்சிஜன் இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. 'ஆக்சிஜனேற்றத் தடுப்பி' சரி. தடுப்பது எப்படி? தான் முந்திக்கொண்டு ஆக்சிஜனேற்றம் அடைந்துதான். நறுக்கிய பிளம் பழுப்பாவது இதனால்தான். செல் உடைந்ததும் நொதி, காற்று, நியோகுளோரோஜெனிக் அமிலம் மூன்றும் சந்திக்கின்றன. அமிலம் ஆக்சிஜனேற்றம் அடைந்து குயினோன் என்ற சேர்மமாகி, குயினோன்கள் பிணைந்து பழுப்பு நிறமியாகின்றன. எலுமிச்சைச் சாறு விட்டால் அதன் புளிப்பு நொதியை மந்தமாக்கும், வைட்டமின் சி குயினோனைப் பழைய நிலைக்குத் திருப்பும். அந்த வைட்டமின் தீர்ந்ததும் பழுப்பு மறுபடி தலைகாட்டும்.

உலர்த்தும்போது கதை வேறு. வெப்பத்தில் ஆந்தோசயனின் பெரும்பாலும் அழிந்துவிடும். நியோகுளோரோஜெனிக் அமிலம் ஓரளவு தாங்கும். கறுத்த உலர்பழத்தின் நிறத்தைப் பார்த்து ஆந்தோசயனின் நிறைய என்று எழுதுவது தவறு.

அறிக்கைகளில் வரும் 'மொத்த பீனால்' அளவையும் கவனித்துப் பெயர்க்க வேண்டும். 1927இல் வந்த ஃபோலின்–சியோகால்டு கரைசல், பீனால்களோடு சேர்ந்தால் மஞ்சளிலிருந்து நீலமாகும். அந்த நீலத்தை 765 நானோமீட்டர் அலைநீள ஒளியில் அளப்பார்கள். சாற்றோடு கரைசலை முதலில் கலந்து, சில நிமிடம் விட்டு, பிறகுதான் சோடியம் கார்பனேட் சேர்க்கவேண்டும். முறை மாறினால் காரத்தில் கரைசல் சீக்கிரம் சிதைந்து நீலம் குறைந்துவிடும். வைட்டமின் சியும் நீலம் தரும் என்பதால் எண் கூடுதலாக வரும். எனவே 'நூறு கிராமில் இத்தனை மி.கி. பல்பீனால்' என்று எழுதாமல், 'காலிக் அமிலத்துக்கு நிகராக இத்தனை மி.கி.' என்று அலகோடு எழுதுங்கள் (காலிக் அமிலம் என்பது ஒப்பிடுவதற்கு எடுத்துக்கொள்ளும் எளிய பீனால்). புதிய பழமா உலர்ந்ததா என்பதையும் சேர்த்து.