பழைய வெல்டிங் மெஷினும் வேலூர் வெயிலும்

காட்பாடியிலோ ராணிப்பேட்டையிலோ பழைய வெல்டிங் மெஷின் பார்க்கப் போனால், விற்பவர் ராடை (உருகிப் பற்றவைக்கும் வெல்டிங் குச்சி) இரும்பில் ஒரு தட்டுத் தட்டிப் பொறி பறக்கவிட்டு, "சூப்பரா ஓடுது பாருங்க" என்பார். அதை நம்பிப் பணத்தை எடுக்காதீர்கள். சாகக் கிடக்கும் மெஷின்கூட இரண்டு நொடி பொறி விடும். மெஷினைக் கொல்வது சூடு. அது ஏறச் சில நிமிடங்களாவது வேண்டும்.

முதலில் மெஷின்மேல் உள்ள விவரத் தகட்டைப் படியுங்கள். 200 ஆம்பியர் என்று பெரிதாகவும், பக்கத்தில் 30% என்று பொடியாகவும் இருக்கும். இதுதான் டியூட்டி சைக்கிள். 10 நிமிடத்தில் 3 நிமிடம் மட்டுமே 200 ஆம்பியரில் ஓட்டலாம், மீதி 7 நிமிடம் ஆறவிட வேண்டும். கரண்ட் இரு மடங்கானால் கம்பியில் எழும் சூடு நான்கு மடங்காகும். அந்தக் கணக்குப்படி, நிறுத்தாமல் ஓட்டினால் இந்த மெஷின் தாங்குவது சுமார் 110 ஆம்பியர். 3.15 மி.மீ. ராடுக்கு அது போதும். ஆனால் தகட்டுக் கணக்கே பொதுவாக 40 டிகிரி சுற்றுப்புற வெப்பத்துக்குப் போட்டது. அக்னி நட்சத்திரத்தில் வேலூரில் நிழலிலேயே அதைத் தாண்டிவிடும். தகரக் கொட்டகையைக் கேட்கவே வேண்டாம்.

அதனால் 110 ஆம்பியரில் வைத்து நாலைந்து ராடை அடுத்தடுத்து எரித்துப் பாருங்கள். விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். நடுவில் ஆர்க் (ராடு நுனியில் எரியும் மின்சுடர்) தளர்கிறதா, சூடு மிஞ்சியதைச் சொல்லும் மஞ்சள் விளக்கு எரிகிறதா, வார்னிஷ் கருகும் வாடை வருகிறதா என்று கவனியுங்கள். அப்புறம் மெயினை அணைத்துவிட்டுக் கேபிள் சாக்கெட்டைத் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே இணைப்பு தளர்ந்திருக்கிறது.

டிரான்ஸ்பார்மர் வகை என்றால் உள்ளே கம்பிச் சுற்று செம்பா அலுமினியமா என்று கேளுங்கள். இன்வெர்ட்டர் வகை என்றால் உள்ளே இருக்கும் எலெக்ட்ரானிக் பலகையை (சர்க்யூட் போர்டு) மெக்கானிக்கை வைத்துப் பார்க்க வேண்டும். கிரைண்டிங் தூசியை ஃபேன் உள்ளே இழுத்துப் பலகைமேல் படியவிடும். அது இரும்புத் தூள், கரண்டைக் கடத்தும். தோல் தொழிற்சாலையிலிருந்து வந்த மெஷினில் செம்பு கறுத்திருக்கிறதா என்றும் பாருங்கள். தோலிலிருந்து முடி நீக்கப் பயன்படும் சல்பைடிலிருந்து கிளம்பும் வாயு செம்பை அரிக்கும். மூடியை நீங்களே கழற்ற வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரத்தைத் தேக்கும் கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல்கூடத் தேங்கி நிற்கலாம்.

எல்லாம் சரியாக இருந்தாலும் உங்கள் லைன் தாங்குமா? சிங்கிள் பேஸில் 200 ஆம்பியர் எடுத்தால் மெயினில் 30 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வீட்டு 16 ஆம்பியர் பிளக்கில் அந்த வேலை நடக்காது.