கண்புரை அறுவை சிகிச்சைக்கு முகாம் வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

"ஊரில் முகாம் போடும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று கண்புரையைத் தள்ளிப்போடுபவர்கள் நிறையப் பேர். அதற்கு அவசியமே இல்லை. 1976-இல் மத்திய அரசு தொடங்கிய தேசியப் பார்வை இழப்புத் தடுப்புத் திட்டத்தில், அரசு மருத்துவமனைகளின் கண் பிரிவுகளில் இந்த அறுவை சிகிச்சை கட்டணமில்லாமல் செய்யப்படுகிறது. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸும் இலவசம்தான். திட்டத்தில் சேர்ந்துள்ள தொண்டு நிறுவன மருத்துவமனைகளிலும் செய்துகொள்ளலாம். அவர்களுக்கு அரசு மானியம் தருகிறது. அங்கே விலை கூடிய லென்ஸைப் பற்றிச் சொன்னால், இலவச லென்ஸ் உண்டா என்று கேளுங்கள். தூரப் பார்வைக்குச் சாதாரண லென்ஸே போதும். படிக்க மட்டும் கண்ணாடி தேவைப்படலாம்.

"புரை முற்றட்டும்" என்பதும் பழைய கதை. முற்றவிட்டால் அறுவை சிகிச்சைதான் சிக்கலாகும். சொட்டு மருந்தில் புரை கரையாது.

இன்னொரு குழப்பம், பார்வை எவ்வளவு போயிருக்க வேண்டும் என்பது. இரண்டில் நன்றாகத் தெரியும் கண்ணில் கண்ணாடி போட்டும் 3/60-க்குக் குறைவாக இருந்தால்தான் பார்வையற்றவர் என்று 2017 முதல் கணக்கு. மற்றவர்கள் 60 மீட்டரில் அடையாளம் காண்பதை 3 மீட்டர் அருகே வந்தும் காண முடியாத நிலை அது. புள்ளிவிவரத்துக்கான இந்த அளவுகோலுக்கும் உங்கள் சிகிச்சைக்கும் சம்பந்தமில்லை. அன்றாட வேலைக்குப் பார்வை இடைஞ்சலாக இருந்தாலே மருத்துவரைப் பார்க்கலாம். ஆதார் அட்டையும், சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் மாத்திரைச் சீட்டும் கையில் இருக்கட்டும். சர்க்கரை எகிறியிருந்தால் தேதியைத் தள்ளிவைப்பார்கள்.

2015–19 தேசியக் கணக்கெடுப்பில், 50 வயதைத் தாண்டியவர்களின் பார்வையிழப்பில் 66.2 சதவீதத்துக்குக் கண்புரையே காரணம். அதனால் திட்டம் என்றாலே புரை என்று ஆகிவிட்டது. ஆனால் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண் பரிசோதனையும் இலவசக் கண்ணாடியும் இதே திட்டத்தில்தான். ஒரு கண் மட்டும் மங்கலாக இருக்கும் பிள்ளை அதைச் சொல்லாது. அதற்குத் தெரியவே தெரியாது. ஒவ்வொரு கண்ணாக மூடிப் படிக்கச் சொன்னால்தான் வெளிவரும்.

சர்க்கரை நோயால் வரும் விழித்திரைப் பாதிப்புக்கும் கண் நீர் அழுத்த நோய்க்கும் திட்டத்தில் சிகிச்சை உண்டு. இவை இரண்டும் ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது, பார்வையும் மங்காது. புரையில் போன பார்வை பெரும்பாலும் திரும்பிவிடும். நீர் அழுத்தத்தில் போனது திரும்பாது. சர்க்கரை உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையைக் காட்டுங்கள். பெற்றோருக்கோ கூடப்பிறந்தவருக்கோ கண் நீர் அழுத்தம் இருந்தால், 40 வயதுக்கு மேல் நீங்களும் கண் அழுத்தம் பார்த்துக்கொள்ளுங்கள்.