தலையைப் பார்த்தால் ஆள் தெரியும்

மலேசியாவின் பேரா மாநிலத்துப் பீடோரில் 1936இல் ஈயச் சுரங்கமொன்றிலிருந்து எட்டுக் கை வெண்கலச் சிலை ஒன்று வெளிப்பட்டது. தோட்டத்துக் கோயில்களில் வளர்ந்த நம் கண்ணுக்கு அது முதலில் சிவனாகத்தான் படும். உயர்ந்த சடைமுடி, பல கைகள். இந்த வட்டாரத்தில் அவ்வகைச் சிலைகள் பலவற்றுக்கு இடுப்பில் புலித்தோலும் உண்டு. ஆனால் அவர் பௌத்தர்கள் வணங்கும் கருணையின் போதிசத்துவரான அவலோகிதேசுவரர்.

கைகளை எண்ணுவதைவிடச் சடையின் முன்பக்கத்தைப் பார்ப்பதே நல்லது. பிறையும் கங்கையும் இருந்தால் சிவன். தியானத்தில் அமர்ந்த சிறு புத்தர் இருந்தால் அவலோகிதர்; அந்தச் சிறு உருவம் அமிதாப புத்தர். சிறு தூபி இருந்தால் வருங்காலப் புத்தரான மைத்ரேயர். சீனக் கோயில்களில் நாம் காணும் குவான் யின் அவலோகிதரின் பெண் வடிவம். அவர் முடியிலும் பல வேளை அதே அமிதாபர் அமர்ந்திருப்பார்.

புத்தருக்கோ சடையும் கிரீடமும் பெரும்பாலும் இல்லை. உச்சியில் புடைப்பு: உஷ்ணீஷம். புருவங்களுக்கு நடுவே ஊர்ணம். பொட்டு போலத் தெரிந்தாலும் அது வெண்மயிர்ச் சுழி. இரண்டுமே மகாபுருஷனின் 32 இலக்கணங்களில் வருபவை. கல்சிலைகளில் ஊர்ணத்துக்காகப் பதித்த மணி விழுந்து, குழி மட்டும் எஞ்சியிருப்பதும் உண்டு. காது மடல் நீண்டு தொங்குவது, இளவரசராக இருந்தபோது அணிந்த கனத்த குண்டலங்களின் தடம் என்பார்கள்.

தலையிலுள்ள சுருள்கள் வெயிலுக்குக் குடை பிடித்த நத்தைகள் என்று ஒரு கதை உலவுகிறது. பழைய பாலி மொழி நூல் மரபு சொல்வது வேறு: துறவின்போது வாளால் அறுத்த முடி இரண்டு விரல் நீளத்தில் நின்று, வலப்புறமாகச் சுருண்டது. அதனால் சுருள்கள் வலஞ்சுழியாக இருக்க வேண்டும். மறுவண்ணம் பூசுபவர்கள் இதில் கவனமாக இருக்கவேண்டும். எனாமலை அடுக்கடுக்காகப் பூசினால் சுருளின் பள்ளங்கள் அடைபட்டு, தலை வழவழப்பாகிவிடும்.

நாகப்பட்டினத்துச் சோழர்கால வெண்கலங்களில் உஷ்ணீஷத்தின் மேல் தீச்சுடரும் நிற்கும். அங்கிருந்த சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடம், முதலாம் இராஜராஜன் காலத்தில் கடாரத்து அரச குலம் எழுப்பியது. கடாரம் என்பது நம் கெடாதான். வார்ப்பவருக்குச் சிலையில் கடினமான இடங்களில் ஒன்று இந்தச் சுடர். நாக்குகள் மெல்லியவை; உருகிய உலோகம் நுனியை எட்டுமுன் உறைந்தால் சுடர் மொட்டையாகும். காற்றுப்போக்கி இல்லாவிட்டால் அங்கே பொத்தல் விழும். இலங்கையில் சுடரைத் தனியே செய்து தலைத் துளையில் செருகும் வழக்கமும் உண்டு. ஆகவே சுடரில்லாத பழைய சிலையைக் கண்டால், உச்சியில் துளை இருக்கிறதா என்று பார்த்துவிட்டே அதன் மரபைத் தீர்மானிக்க வேண்டும்.