உங்கள் பரணில் அறுபதுகளின் படப்பெட்டி இருக்கிறதா?

அறுபதுகளின் தமிழ்ப் படங்களைப் பற்றிய துணுக்குகளுக்கு நம்மிடையே பஞ்சமே இல்லை. சிவாஜி கணேசனின் நூறாவது படமான 'நவராத்திரி'யில் (1964) அவருக்கு ஒன்பது வேடங்கள். 'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்தில் சிக்கல் சண்முகசுந்தரம் வாசிக்கும் நாகசுரம், மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களுடையது. ஜெயலலிதா தமிழில் கதாநாயகியாக அறிமுகமான 'வெண்ணிற ஆடை' (1965) 'ஏ' சான்றிதழுடன் வெளியானது. 'சர்வர் சுந்தரம்' (1964) படத்தின் ஒரு பாடலில் எம்.எஸ். விஸ்வநாதனும் டி.எம். சௌந்தரராஜனும் திரையிலேயே தோன்றி, ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடல் பதிவாவதை நமக்குக் காட்டுகிறார்கள். இவையெல்லாம் சரியான தகவல்கள். இவற்றோடு தோளுரசிக்கொண்டு ஆதாரமில்லாத கதைகளும் வாட்ஸ்அப்பில் வலம் வருகின்றன. கறுப்பு வெள்ளைப் படத்தின் காட்சிக்குக் கணினியில் நிறமேற்றி, 'படம் முதலில் வந்தது கலரில்தான்' என்று சத்தியம் செய்கிறவர்களும் உண்டு.

பழைய படச்சுருள்களைப் பரிசோதித்து, கிழிசல்களை ஒட்டி, ஸ்கேன் செய்வதற்குத் தயார்படுத்துவது என் தொழில். வேலை இன்னதென்று தெரிந்ததும் ரசிகர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் ஏறத்தாழ ஒரே வகைதான். அந்தப் பாட்டில் இன்னொரு சரணம் இருந்ததாமே? அந்தப் படத்தில் உதவி இயக்குநராக வேலை பார்த்தது அவர்தானா? தணிக்கையில் எவ்வளவு வெட்டினார்கள்? இவற்றுக்கெல்லாம் என்னிடம் இருப்பது ஒரே பதில்: சுருள் உயிரோடு இருந்தால் பார்த்துச் சொல்லிவிடலாம். உயிரோடு இருக்கிறதா என்பதுதான் என்னைத் தூங்கவிடாத கேள்வி.

35 எம்.எம். சுருளில் அடிக்கு 16 கட்டங்கள். வினாடிக்கு 24 கட்டங்கள் வீதம் ஓடினால் நிமிடத்துக்கு 90 அடி. ஆயிரம் அடி கொண்ட ஒரு ரீல் பதினோரு நிமிடம் ஓடும். மூன்று மணி நேரப் படம் பதினாறாயிரம் அடியைத் தாண்டும். இவ்வளவு நீளத்தில் மிகப் பெரிய ஆதாரம் முதல் ரீலின் முதல் சில நூறு அடியில் இருக்கிறது. தணிக்கைச் சான்றிதழ் அங்கேதான் வருகிறது. படத்தின் பெயர், சான்றிதழ் வழங்கிய தேதி, எத்தனை ரீல், எவ்வளவு நீளம், எந்தப் பிரிவு என எல்லாம் அதில் இருக்கும். அதை அடுத்து எழுத்து போடுவார்கள். நடிகர்கள், பாடகர்கள், ஒலிப்பதிவாளர், ஒப்பனை, உடைகள், ஸ்டுடியோ, லேப், பொடி எழுத்தில் உதவி இயக்குநர்கள். பின்னாளில் பெரிய பெயரெடுத்த இயக்குநர்கள் பலரின் பெயர் முதன்முதலாகத் திரையில் வந்தது அந்தப் பொடி எழுத்துப் பட்டியலில்தான்.

கொடுமை என்னவென்றால், சுருளில் முதலில் சிதைவதும் இந்தப் பகுதிதான். ஒவ்வொரு காட்சிக்கும் ஆபரேட்டர் ரீலின் தலைப்பை, அதாவது தொடக்க முனையை, இழுத்துப் புரொஜெக்டருக்குள் கோத்தாக வேண்டும். கேபின் தரையில் உரசுவது, கை படுவது, பல்சக்கரத்தில் துளை கிழிவது எல்லாம் தலைப்பிலும் வாலிலும்தான் நடக்கும். கிழிந்தால் இரண்டு மூன்று கட்டங்களைக் கத்தரித்துவிட்டு ஃபிலிம் சிமெண்ட் தடவி ஒட்டுவார்கள். முதல் வெளியீட்டு நகரத்தில் தொடங்கி, அடுத்த ஊர், அதற்கடுத்த ஊர், கடைசியில் டூரிங் டாக்கீஸ் என்று ஒரு பிரிண்ட் சுற்றி முடிப்பதற்குள் சான்றிதழ் போய்விடும், நடிகர் பட்டியலில் பாதி போய்விடும். என் மேசைக்கு வரும் அறுபதுகளின் பிரிண்டுகளில் சில, இயக்குநர் பெயரிலிருந்துதான் தொடங்குகின்றன. தொலைக்காட்சியில் எழுத்தை வெட்டிவிட்டு நேராகக் கதைக்குள் போகும் பிரதிகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, அப்படியொரு பட்டியல் இருந்ததே தெரிவதில்லை. யார் யாருக்குக் குரல் கொடுத்தார் என்று காலமெல்லாம் சண்டை நடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பாட்டுகளின் கதை வேறு. அடுத்த காட்சிக்கு நேரமாகிவிட்டது என்று சில கொட்டகைகளில் ஒரு பாட்டைத் தாண்டிவிடுவார்கள். நல்ல பாட்டு என்பதாலேயே காணாமல் போன கட்டங்களும் உண்டு. பெட்டிக்கடையில் பிலிம் துண்டு வாங்கி, லென்ஸும் முகக்கண்ணாடியும் வைத்து வெயிலைத் திருப்பிச் சுவரில் படம் காட்டி விளையாடிய தலைமுறை நம்முடையது. அந்தத் துண்டுகள் ஏதோ ஒரு பிரிண்டிலிருந்து வந்தவைதான்.

சுருளின் ஓரத்தில் இருக்கும் சாட்சியம் பலருக்குத் தெரியாது. துளைகளுக்கும் விளிம்புக்கும் நடுவே, ஃபிலிம் தயாரித்த நிறுவனத்தின் பெயரும் சில குறிகளும் பதிந்திருக்கும். கோடாக் நிறுவனம் வட்டம், சதுரம், முக்கோணம், கூட்டல் குறி போன்றவற்றைக் கொண்டு தயாரிப்பு ஆண்டைக் குறித்தது. இருபது ஆண்டுக்கு ஒருமுறை அதே குறிகள் திரும்பி வரும். கிழக்கு ஜெர்மனியின் ஓர்வோ என்று போட்டிருந்தால், அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு நிலவிய காலம் நினைவுக்கு வர வேண்டும். நம் ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை 1967இல் உற்பத்தியைத் தொடங்கியது. அந்த ஆலையின் பெயர் ஓரத்தில் தெரிந்தால் அந்தச் சுருள் அதற்கு முந்தையதாக இருக்க முடியாது. விளக்கு மேசையில் சுருளைப் பரப்பி லூப் என்ற உருப்பெருக்கியை வைத்து இந்தக் குறிகளைப் படிக்கும்போது, 1962ஆம் ஆண்டுப் படம் எழுபதுகளின் ஃபிலிமில் அச்சாகியிருப்பது தெரியவரும். அப்படியென்றால் அது மறுவெளியீட்டுப் பிரிண்ட். சான்றிதழில் இருக்கும் நீளத்தையும் கையில் இருக்கும் நீளத்தையும் ஒப்பிட்டால், மறுவெளியீட்டுக்காக எவ்வளவு குறைத்தார்கள் என்று கணக்கிடலாம். மூன்றரை நிமிடப் பாட்டு என்றால் 315 அடி குறையும். 'இன்னொரு சரணம் இருந்ததாமே' என்ற கேள்விக்குப் பதில் இப்படித்தான் கிடைக்கிறது; யாருடைய நினைவாற்றலையும் நம்பவேண்டியதில்லை.

ஆனால் இந்தச் சாட்சி செத்துக்கொண்டிருக்கிறது.

அறுபதுகளில் நம் படங்கள் அச்சான ஃபிலிம், அசிடேட் என்ற அடித்தளம் கொண்டது. அதற்கு முந்தைய நைட்ரேட் ஃபிலிம் பற்றி எரியக்கூடியது என்பதால், தீப்பிடிக்காத 'சேஃப்டி' ஃபிலிம் என்று இதைக் கொண்டாடினார்கள். தீயிலிருந்து தப்பியது, வெப்பத்திலிருந்தும் ஈரத்திலிருந்தும் தப்பவில்லை. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அசிடேட் சிதைந்து அசிட்டிக் அமிலத்தை வெளியிடும். வினிகரில் இருப்பதும் அதுதான். வெளிவந்த அமிலமே அடுத்த சிதைவைத் தூண்டும். மூடிய டப்பாவுக்குள் அது வெளியேற வழியின்றித் தங்கிச் சுருளையே தின்னும். பக்கத்து டப்பாவுக்கும் பரவும். 21 டிகிரி வெப்பமும் 50 சதவீத ஈரப்பதமும் இருந்தால்கூட, புது அசிடேட் ஃபிலிம் சுமார் 40 ஆண்டுகளில் இந்த நிலையைத் தொட்டுவிடும் என்பது பாதுகாப்பாளர்களின் கணக்கு. சென்னை, மதுரை, திருச்சி வீடுகளின் பரண் எந்த நிலையில் இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

துருப்பிடித்த டப்பாவின் மூடியை விளிம்பெங்கும் மெல்லத் தட்டித் திறந்தால் முதலில் மூக்குக்குத்தான் சேதி வரும். கண் எரியும் அளவுக்குப் புளித்த நெடி. சுருள் வட்டமாக இருக்காது; கோணல் மாணலாக மூலைகள் விட்டிருக்கும். அடித்தளம் சுருங்கும், அதன் மேல் படம் பதிந்த ஜெலட்டின் படலம் அதே அளவு சுருங்காது. அதனால் படலம் அலையலையாக எழும்பி, வெடித்து, உரியும். விளிம்பில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். ஒரு சதவீதம் சுருங்கினாலே புரொஜெக்டரின் பல்சக்கரத்தோடு துளைகள் பொருந்தாமல் போகும். அந்த நிலையில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்போமே என்று யாராவது ஆசைப்பட்டால், அதுவே அந்தப் பிரதியின் கடைசிக் காட்சி.

கலர்ப் படங்களுக்கு இன்னொரு வியாதியும் உண்டு. ஈஸ்ட்மென் கலர் பிரிண்டுகளில் நீலப்பச்சைச் சாயம்தான் முதலில் வெளுக்கும். இருட்டில் பூட்டி வைத்தாலும் வெளுக்கும். மிஞ்சுவது இளஞ்சிவப்பு மட்டுமே. வானமும் வயலும் கதாநாயகியின் பச்சைப் புடவையும் ஒரே ரோஜா நிறத்தில் தெரியும். டெக்னிகலர் முறையில் சாயம் ஏற்றிய பிரிண்டுகள் இந்த விஷயத்தில் கெட்டி. கறுப்பு வெள்ளையில் படத்தைத் தாங்குவது வெள்ளி என்பதால் உருவம் நீண்ட காலம் நிற்கும். ஆனால் அந்த வெள்ளியே அதற்கு எமனும் ஆனது: வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்காகவே பழைய பிரிண்டுகளை எடைக்கு வாங்கியவர்கள் இருந்தார்கள்.

'கர்ணன்' (1964) டிஜிட்டலில் புதுப்பிக்கப்பட்டு 2012 மார்ச்சில் திரையரங்குகளுக்கு வந்தபோது, அந்தப் படம் வெளியான காலத்தில் பிறந்தேயிராத பிள்ளைகள் வரிசையில் நின்று டிக்கெட் வாங்கினார்கள். 2014இல் 'ஆயிரத்தில் ஒருவன்' (1965) வந்தபோதும் அப்படித்தான். ஸ்கேன் செய்யத்தக்க சுருள் மிஞ்சியிருந்ததால்தான் அந்தக் கொண்டாட்டங்கள் நடந்தன. தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' (1931) நம்மிடம் இல்லை. அறுபதுகளின் படங்களில் பெரிய நடிகர்கள் நடித்தவற்றுக்கு எப்படியாவது பிரதி கிடைத்துவிடுகிறது. சிறிய தயாரிப்பாளர் எடுத்து, சில வாரங்கள் ஓடி, மறுவெளியீடு காணாத படங்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அவற்றின் பிரதி இருந்தால், ஒரு பழைய விநியோகஸ்தர் வீட்டிலோ மூடிய கொட்டகையின் மாடிப்படிக்கு அடியிலோதான் இருக்கும். இதைப் படிக்கும் உங்களில் ஒருவரின் தாத்தா வீட்டிலும் இருக்கலாம்.

அப்படி ஒரு பெட்டி கண்ணில் பட்டால், முதலில் அதைப் பிரித்துச் சுற்றிப் பார்க்காதீர்கள். ஜன்னலைத் திறந்து வைத்துக் கையுறை அணிந்து மூடியை மட்டும் திறந்து முகருங்கள். நெடி அடிக்கும் டப்பாவையும் அடிக்காத டப்பாவையும் தனித்தனி அறையில் வையுங்கள். டப்பாக்களைப் படுக்கை வாட்டில், குறைந்த எண்ணிக்கையில் அடுக்குங்கள். நெகிழிப் பையில் போட்டு இறுகக் கட்டுவது வேண்டாம். அமிலம் உள்ளேயே தங்கும். மொட்டைமாடி அறையும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் ஆகவே ஆகாது; வீட்டிலேயே வெயிலும் ஈரமும் குறைந்த அறை எதுவோ அங்கே மாற்றுங்கள். துரு உதிர்கிறதே என்று டப்பாவைத் தூக்கி எறியும் முன், அதன் மேல் எழுதியிருப்பதையும் ஒட்டியிருக்கும் சீட்டையும் செல்பேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். பல நேரங்களில் படத்தின் பெயரும் ரீல் எண்ணும் அங்கே மட்டும்தான் இருக்கும்.

1950களின் தொடக்கத்துக்கு முந்தைய சுருளாக இருக்கலாம் என்று தோன்றினாலோ, ஓரத்தில் 'சேஃப்டி' என்ற சொல் இல்லாவிட்டாலோ, சுருள் பிசுபிசுப்பாகவோ பழுப்புப் பொடியாகவோ இருந்தாலோ, தொடாமல் விலகி நில்லுங்கள். அது நைட்ரேட்டாக இருக்கலாம். தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே கொடுத்து எரியும் பொருள் அது. தண்ணீரால் அணைக்க முடியாது. வீட்டில் வைத்திருக்கக்கூடிய பொருளே அல்ல.

மழைக்காலம் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளத்தில் நனைந்த சுருளை வெயிலில் காய வைக்கவே கூடாது. ஈரமான ஜெலட்டின் காயும்போது ஒரு சுற்று அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரிக்கவே முடியாது. சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் மூழ்கியபடியே வைத்து, ஓரிரு நாளுக்குள் இந்த வேலை தெரிந்தவர்களிடம் சேர்க்க வேண்டும். கேட்பதற்கு விசித்திரமாக இருக்கும். காப்பாற்றும் வழி அதுதான்.

சுருள் வைத்திருக்கும் குடும்பங்கள் தயங்குவதற்குப் பெரிய காரணம் உரிமை. கொடுத்துவிட்டால் கையைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம். ஆவணக்காப்பகத்தில் ஒப்படைப்பதும் உரிமையை எழுதிக் கொடுப்பதும் ஒன்றல்ல. எந்த நிபந்தனையில் ஒப்படைக்கிறீர்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளலாம். மறுபக்கம், பிரிண்ட் கையில் இருப்பதாலேயே ஒருவர் படத்துக்கு உரிமையாளர் ஆகிவிடுவதும் இல்லை. இந்தியச் சட்டப்படி, திரைப்படத்தின் பதிப்புரிமை வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள். 1964இல் வந்த படங்களுக்கு அது 2024 டிசம்பரோடு முடிந்துவிட்டது. பாடல் வரி, கதை ஆகியவற்றுக்குக் கணக்கு தனி; எழுதியவரின் ஆயுளுக்குப் பின் 60 ஆண்டுகள். கண்ணதாசன் 1981இல் மறைந்தார், ஆகவே அவருடைய வரிகளுக்கு 2041 முடிய உரிமை உண்டு. ஆண்டுதோறும் ஒரு வரிசைப் படங்கள் இப்படிப் பொதுவுடைமை ஆகிக்கொண்டிருக்கும்போது, செலவழித்துச் சுருளைக் காக்கும் ஆர்வம் உரிமையாளர்களுக்குக் குறையும் என்பது என் அச்சம். அந்த இடத்தைப் பொது நிறுவனங்கள்தான் நிரப்ப வேண்டும்.

புனேயில் 1964இல் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகம் இருக்கிறது. மும்பையில் ஃபிலிம் ஹெரிட்டேஜ் ஃபவுண்டேஷன் 2014 முதல் இதே வேலையைச் செய்கிறது. தொடர்பு கொள்ளும்போது டப்பாக்கள் எத்தனை, மேலே என்ன எழுதியிருக்கிறது, நெடி உண்டா, பிரிண்டா நெகட்டிவா என்ற நான்கையும் சொன்னால் அவர்களால் உடனே முடிவெடுக்க முடியும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் முகம் கறுப்பாகவும் தலைமுடி வெள்ளையாகவும் தெரிகிறதென்றால் அது நெகட்டிவ். அதை ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். ஒலிக்கு மட்டுமான நெகட்டிவ் தனி டப்பாவில் இருக்கும். படமே இல்லாமல் ஓரத்தில் கோடுகள் மட்டும் ஓடுவதைப் பார்த்து 'வெறும் ஃபிலிம்' என்று பலர் எறிந்துவிடுகிறார்கள், அதையும் சேர்த்தே அனுப்புங்கள். பெட்டியின் அடியில் பாட்டுப் புத்தகம், நோட்டீஸ், தணிக்கைக்குக் கொடுத்த வசனப் பிரதி ஏதாவது கிடந்தால், சுருளோடு வைக்காமல் தனி உறையில் போட்டு அதே படத்தின் பெயரை எழுதிக் கொடுத்துவிடுங்கள். எழுத்துப் பகுதி அழிந்துபோன படங்களுக்குப் பெயர்ப் பட்டியலை நாங்கள் திரும்ப எழுதுவது அந்தப் பாட்டுப் புத்தகங்களைப் பார்த்துத்தான்.