கண் கழன்று வரும் பொம்மையைக் குழந்தையிடம் கொடுக்காதீர்கள்

மறுபடியும் ஒரு கரடிப் பொம்மை பழுதுபார்க்க வந்திருக்கிறது. இடது கண் இல்லை. கண் இருந்த இடத்தில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை, அதன் வழியே பஞ்சு பிதுங்குகிறது. கண் எங்கே என்று கேட்டேன். பத்து மாதக் குழந்தை கன்னத்துக்குள் அடக்கி வைத்திருந்ததைப் பாட்டி பார்த்து எடுத்தாராம். "வேறு கண் வைத்துக் கொடுங்கள்" என்று கேட்டார்கள். வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

துணிப் பொம்மை தைப்பதும், தைக்கக் கற்றுக்கொடுப்பதும், கிழிந்து வருபவற்றைச் சரிசெய்வதும் என் தொழில். புதிதாகத் தைக்க வருகிறவர்களில் பெரும்பாலோர் யாரோ ஒரு குழந்தையை மனதில் வைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். அக்காவின் மகள், நண்பரின் பிள்ளை, பிறக்கப்போகும் பேரன். ஆசை மிகவும் நல்லது. ஆனால் வந்து உட்கார்ந்ததும் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி "கண் எங்கே வாங்குவது?" என்பதாக இருக்கிறது. கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்தப் பொம்மை எத்தனை வயதுப் பிள்ளையின் கைக்குப் போகிறது என்பது. துணி, பஞ்சு, கண், மூக்கு, வால் எல்லாம் அதற்குப் பிறகு.

பொம்மைக்கென்று விற்கும் பிளாஸ்டிக் கண்ணைப் பற்றி விரிவாகவே சொல்லிவிடுகிறேன். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. முன்பக்கம் பளபளப்பான குமிழ், பின்பக்கம் வரிவரியான தண்டு. துணியில் துளையிட்டுத் தண்டை நுழைத்து, உள்பக்கத்திலிருந்து ஒரு வாஷரை அழுத்தினால் 'டக்' என்று பிடித்துக்கொள்ளும். பிறகு குறடு போட்டு இழுத்தாலும் அந்த வாஷர் எளிதில் வராது. இதைக் கையால் சோதித்துப் பார்த்தவர்களுக்கு அசைக்க முடியாத நம்பிக்கை வந்துவிடுகிறது. "டீச்சர், வாஷர் போட்டிருக்கிறேனே, எப்படிக் கழலும்?"

வாஷர் கழலாது. அதை யாரும் மறுக்கவில்லை. கண்ணும் வாஷரும் ஒன்றையொன்று பிடித்திருக்கின்றன. அந்த இரண்டையும் பொம்மையில் பிடித்து வைத்திருப்பது எது? துணி. துளைபோட்ட ஒரு துணி. குழந்தை அந்தக் கண்ணை ஈறால் கடிக்கிறது, எச்சிலில் ஊறவைக்கிறது, கண்ணைப் பிடித்துப் பொம்மையைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போகிறது. ஒவ்வொரு இழுப்புக்கும் துளையைச் சுற்றியுள்ள இழைகள் சற்று விலகுகின்றன. துவைக்கத் துவைக்க இன்னும் தளர்கின்றன. ஒரு நாள் கண்ணும் தண்டும் வாஷரும் மொத்தமாக, பூட்டிய பூட்டு பூட்டியபடியே, வெளியே வந்துவிடுகின்றன. என் மேசைக்கு வந்த கண்களில் பெரும்பாலானவை வாஷரோடு சேர்ந்தே வந்தவை. பூட்டு உடைந்து வந்ததை நான் பார்த்தது அரிது.

கத்தரி நுனியால் துணியை வெட்டித் துளையிட்டால் கதை இன்னும் சீக்கிரம் முடியும், ஏனென்றால் இழைகளையே அறுத்துவிட்டீர்கள். கூர்ஊசியால் இழைகளை விலக்கித்தான் துளையிட வேண்டும். இழுபடும் பனியன் வகைத் துணியும், குரோஷே பின்னலும் இன்னும் மோசம். பின்னலில் துளை போடவே தேவையில்லை, கண்ணி ஏற்கனவே திறந்துதான் இருக்கிறது. சிலர் புத்திசாலித்தனமாக வாஷருக்கு மேல் பசை ஊற்றுகிறார்கள். பசை பிடித்துக்கொள்வது வாஷரைத் தண்டோடு. அங்கே பிரச்சினையே இல்லையே!

தொழிற்சாலைப் பொம்மைகளில் இதே கண்தானே இருக்கிறது என்றும் கேட்கிறார்கள். இருக்கிறது. அங்கே நெருக்கமாக நெய்த அடித்துணி, துளையின் அளவில் ஒழுங்கு, வாஷரைச் சீராக அழுத்தும் கருவி, அதன் பிறகு மாதிரிகளை இழுத்துப் பார்க்கும் சோதனை எல்லாம் இருக்கின்றன. ஐரோப்பியத் தரநிலையான ஈஎன் 71இன்படி, 6 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட இத்தகைய பாகத்தை 90 நியூட்டன் விசையில், அதாவது ஏறக்குறைய 9 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமமான இழுப்பில், 10 விநாடி பிடித்திருக்க வேண்டும். நாம் வீட்டில் கட்டைவிரலால் அழுத்திவிட்டு, இரண்டு விரலால் ஆட்டிப் பார்த்து "நன்றாகத்தான் இருக்கிறது" என்கிறோம்.

பழைய கரடிப் பொம்மைகளுக்குக் கம்பியில் கோத்த கண்ணாடிக் கண்களை வைத்தார்கள். அந்தக் காலத்தோடு ஒப்பிட்டால், 1948இல் பிரிட்டனின் வெண்டி பாஸ்டன் நிறுவனம் காப்புரிமை பெற்ற பூட்டும் கண் பெரிய முன்னேற்றம்தான். முன்னேற்றம் என்பதால் கைக்குழந்தைக்கு ஏற்றது என்று ஆகிவிடாது. மூன்று வயதுக்குக் கீழே வேண்டாம் என்று பல தயாரிப்பாளர்கள் கண் பாக்கெட்டிலேயே அச்சிடுகிறார்கள். பாக்கெட்டைக் கிழிக்கும்போது தயவுசெய்து அதைப் படியுங்கள்.

அந்த மூன்று வயது எங்கிருந்து வந்தது? அந்த வயது வரை கையில் கிடைப்பதெல்லாம் வாய்க்குப் போகும். பின்கடைவாய்ப் பற்கள் முழுதாக வந்திருக்காது, மூச்சுக்குழாய் குறுகல், இருமி வெளியே தள்ளும் பலமும் குறைவு. பொம்மைச் சோதனைக்கூடங்களில் இதற்காகவே ஒரு சிறு உருளை வைத்திருக்கிறார்கள். உள்விட்டம் 31.7 மில்லிமீட்டர். அடிப்பகுதி சாய்வாக இருப்பதால் ஆழம் ஒரு பக்கம் 25.4, மறுபக்கம் 57.1 மில்லிமீட்டர். கழன்ற துண்டு எதுவாக இருந்தாலும், அழுத்தாமலே அதற்குள் முழுதாக அடங்கினால் அது சிறு குழந்தைக்கு ஆபத்து. நாம் வாங்கும் 8, 10, 12 மில்லிமீட்டர் கண்கள் எல்லாமே அதற்குள் மறைந்துவிடும். தடித்த காகிதத்தை அதே விட்டத்தில் சுருட்டி உங்கள் தையல் பெட்டியில் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: பிளாஸ்டிக் பொதுவாக எக்ஸ்ரேயில் தெரியாது. குழந்தை விழுங்கியதை யாரும் பார்க்கவில்லையென்றால் மருத்துவருக்கும் தேடுவது கடினம்.

பட்டன், மணி, சலங்கை, நூல் பந்து, பிளாஸ்டிக் மூக்கு எல்லாவற்றுக்கும் இதே தீர்ப்புதான். பட்டனை நான்கு முறை சுற்றித் தைத்தேன் என்று சொல்லாதீர்கள். ஒட்டிய ஃபெல்ட் துணி வட்டம் எச்சிலில் ஊறினால் உரிந்து வரும்.

சரி, பொம்மை எப்படித்தான் பார்க்கும்? எம்பிராய்டரி நூலால். ஆரம்பித்தவர்களுக்கு நான் சொல்வது மூடிய கண். பின் தையலில், அதாவது ஒவ்வொரு முறையும் ஊசியைப் பின்னுக்குக் கொண்டுவந்து இடைவெளியில்லாமல் போடும் தையலில், இரண்டு சிறு வளைவுகள், தூங்குகிற முகம் கிடைத்துவிடும். திறந்த கண் வேண்டுமென்றால் சாட்டின் தையலில், அதாவது நூலைப் பக்கம் பக்கமாக நெருக்கி இடத்தை நிரப்பும் தையலில், ஒரு கறுப்பு வட்டமும், ஓரத்தில் வெள்ளையாக ஒரு சிறு புள்ளியும் போதும். அந்த வெள்ளைப் புள்ளிதான் உயிர் கொடுக்கிறது. முகத் துண்டைத் தைத்துத் திருப்புவதற்கு முன்பே, துணி தட்டையாக இருக்கும்போதே, பின்னால் மெல்லிய துணி ஒன்றை வைத்து இதைச் செய்துவிட வேண்டும். முடிச்சுகள் உள்பக்கமே நிற்கும். கண்களை முகத்தின் நடுக்கோட்டுக்குச் சற்றுக் கீழே, நன்றாக விலக்கி வையுங்கள். மழலை முகம் வந்துவிடும். கடையில் வாங்கும் எந்தக் கண்ணும் இந்த அழகைத் தராது என்பது என் உறுதியான கருத்து.

கண்ணை முடித்தோம், இனித் தையல். பஞ்சும் வாய்க்குப் போகக்கூடிய பொருள்தான் என்பதால் தையல் பிரிவது அழகுக் குறை மட்டுமல்ல. அதே ஈஎன் 71 தரநிலை துணிப் பொம்மையின் தையலையும் 70 நியூட்டன் விசையில் இழுத்துப் பார்க்கச் சொல்கிறது. முதல் பொம்மைக்கு ஃபர் துணி வேண்டவே வேண்டாம். நெருக்கமாக நெய்த பருத்தித் துணி, முன் ஒன்று பின் ஒன்று என இரண்டே துண்டுகள், குட்டையான கை கால். அது போதும். குச்சி போன்ற கால்களைத் திருப்பவும் முடியாது, பஞ்சு அடைக்கவும் முடியாது. தைப்பதற்கு முன் துணியைத் துவைத்துவிடுங்கள். சுருங்குவது அப்போதே சுருங்கட்டும், சாயம் போனால் அந்தத் துணியையே ஒதுக்குங்கள்.

நூல் பாலியஸ்டராக இருக்கட்டும். வருடக்கணக்காகப் பெட்டியில் கிடந்த நூலை ஒரு சாண் எடுத்து வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். அறுந்தால் அந்தக் கண்டு பொம்மைக்கு ஆகாது. மெஷினில் தைத்தால் தையல் நீளம் 2 முதல் 2.5 மில்லிமீட்டர், அதே கோட்டின்மேல் இரண்டாவது முறையும் ஓட்டுங்கள். கையால் என்றால் நெருக்கமான பின் தையல், இடைவெளி விட்டு விட்டுப் போகும் ஓட்டுத் தையல் கூடாது. தையலுக்கு வெளியே குறைந்தது 6 மில்லிமீட்டர் துணி விடுங்கள். ஓரத்தை ஒட்டித் தைப்பதுதான் நான் பார்க்கும் கிழிசல்களில் பாதிக்குக் காரணம். நூல் வலுவாகவே இருக்கும், துணியின் ஓரம் பிசிறிப் பிரிந்திருக்கும். வளைவுகளில் கத்தரியால் வெட்டு விடும்போதும் தையலுக்கு 2 மில்லிமீட்டர் முன்பே நிறுத்துங்கள்.

தைத்த துணியை உள்வெளியாகத் திருப்புவதற்கான திறப்பை நேரான பக்கத்தில், விலாவிலோ முதுகிலோ விடுங்கள். வளைவில் விட்டால் மூடும் தையல் கோணலாகத்தான் வரும். பஞ்சைச் சிறு சிறு பிரியாக, கை கால் நுனியிலிருந்து தொடங்கி அடைக்க வேண்டும். பெரிய உருண்டையாகத் திணித்தால் கழுத்து ஒரு வாரத்தில் தொங்கிவிடும். புதிய ஃபைபர் பஞ்சு துவைத்தால் சீக்கிரம் காயும். பருத்திப் பஞ்சு கட்டிதட்டும், ஈரம் உள்ளேயே தங்கும். அரிசி, பயறு, கடுகு போட்டு எடை கூட்டுவது சிறு பிள்ளைகளின் பொம்மைக்கு ஒருபோதும் கூடாது. ஈரத்தில் கெட்டுப்போகும், பூச்சி வரும், தையல் விட்டால் நேராக வாய்க்கும் மூக்குக்கும் போகும். தெர்மகோல் மணிகளுக்கும் இதுவே. அழுத்தினால் பாடும் பெட்டியை உள்ளே வைக்கலாமா என்று கேட்கிறவர்களிடம் என்னால் பொறுமையாகப் பேச முடிவதில்லை. அதற்குள் இருப்பது பட்டன் பேட்டரி. விழுங்கிய பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் திசுவைக் கடுமையாக அரித்துவிடும். வைக்காதீர்கள்.

ஊசிகளை எண்ணுங்கள். தைக்க உட்காரும்போது எத்தனை குண்டூசி, எழும்போது எத்தனை குண்டூசி. ஒழுங்காக நடக்கும் பொம்மைத் தொழிற்சாலையில் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்துச் சேர்த்து வைத்துக் காட்டாமல் வேலை தொடராது. முடித்த பொம்மைகளை உலோகம் கண்டுபிடிக்கும் கருவியிலும் அனுப்புவார்கள். நம்மிடம் அந்தக் கருவி இல்லை, ஆனால் எண்ண முடியும். ஒரு குண்டூசி குறைந்தால், எவ்வளவு அழகாக வந்திருந்தாலும் பொம்மையைப் பிரித்துத்தான் ஆகவேண்டும்.

கழுத்தில் ரிப்பன் கட்டாதீர்கள். நீளமான வாலும் தொங்கும் கயிறும் வேண்டாம். காதுகளை மேலே வைத்துத் தைக்காமல், தலைத் தையலுக்குள் செருகித் தையுங்கள்.

இனி ஒரு வேண்டுகோள், இதைக் கண்டிப்பாக அல்ல, கெஞ்சியே கேட்கிறேன். ஒரு வயது நிறையாத குழந்தை தூங்கும் தொட்டிலில் நீங்கள் தைத்த பொம்மையை வைக்கச் சொல்லாதீர்கள். எம்பிராய்டரி கண்ணாக இருந்தாலும், தையல் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் சரி. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் முதல் ஆண்டில் குழந்தை தூங்கும் இடத்தில் மென்மையான பொருள் எதுவுமே இருக்கக் கூடாது என்று சொல்கிறது. முகத்தின்மேல் விழுந்தால் அந்தக் குழந்தைக்கு விலக்கத் தெரியாது. பகலில், பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது விளையாடட்டும். பரிசு கொடுக்கும்போது இதையும் வாய்திறந்து சொல்லிக் கொடுங்கள். அந்தத் தாய் தவறாக நினைக்க மாட்டார்.

ஏற்கனவே பிளாஸ்டிக் கண் வைத்துக் கொடுத்துவிட்டவர்கள் இருக்கிறீர்கள். கூச்சப்படாமல் அந்தப் பொம்மையைத் திருப்பி வாங்குங்கள். கண்ணை வெளியிலிருந்து பிடுங்கினால் துணி கிழியும், வாஷரும் உள்ளே கிடக்கும். தலைக்குப் பின்புறத் தையலைப் பிரித்து, பஞ்சை விலக்கி, வெட்டும் குறட்டால் தண்டை நறுக்குங்கள். குமிழ், தண்டுத் துண்டு, வாஷர் என எல்லாத் துண்டுகளையும் மேசையில் வரிசையாக வைத்துச் சரிபார்த்த பிறகு, உள்ளிருந்த பஞ்சைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிய பஞ்சு எடுங்கள், துணுக்கு எதுவும் அதில் ஒளிந்திருக்கலாம். துளைக்குப் பின்னால் கெட்டித் துணி ஒன்றை வைத்துத் தைத்து, அதன்மேல் சாட்டின் தையலில் கண்ணை நிரப்புங்கள். தையலை மூடுவதற்கு முன் ஊசியை ஒருமுறை எண்ணிக்கொள்ளுங்கள்.