ஒரு பற்றரி, மூன்று வோல்ற்

மாங்குளம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். பகலில் மோட்டார் சைக்கிள் திருத்துகிற வேலை, காலபோகம் வந்தால் இரவில் வயல் காவல். "அண்ணை, பொக்கற்றுக்குள்ள வைக்கக்கூடிய, கீழ விழுந்தாலும் உடையாத ரோச் லைற் ஒண்டு சொல்லுங்கோ. அதோட இன்னொரு கேள்வி. முந்தி ரெண்டு பெரிய பற்றரி போட்டும் மஞ்சளா மங்கித்தான் எரிஞ்சது. இப்ப விரல் அளவு ஒத்தைப் பற்றரியில இவ்வளவு வெளிச்சம் எப்பிடி?"

இரண்டாவது கேள்விக்கு விடை தெரிந்தால் முதல் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பழைய ரோச்சில் இருந்தது இழைக் குமிழ். கம்பி சூடாகி ஒளிரும். கொடுத்த மின்சக்தியில் பெரும்பகுதி வெப்பமாகவே போய்விடும். இப்போது இருப்பது எல்.ஈ.டி. அதே ஒரு வாற்றுக்குப் பத்து மடங்கு வெளிச்சம் தரும். வெள்ளை எல்.ஈ.டி. உண்மையில் ஒரு நீல எல்.ஈ.டி. அதன் மேல் பூசிய மஞ்சள் ஒளிர்பொருள் நீலத்தில் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்ற, இரண்டும் கலந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. அந்த நீலத்தைக் கொண்டுவந்ததற்காகத்தான் அக்காசாக்கி, அமானோ, நக்கமூரா மூவருக்கும் 2014 இல் பௌதிகவியல் நோபல் பரிசு கிடைத்தது. சிவப்பு எல்.ஈ.டி. 1962 இலேயே வந்துவிட்டது. பளிச்சென்ற நீலம் 1990களில்தான் வந்தது. இடைப்பட்ட முப்பது வருடத்தில் பலர் இது சரிவராது என்று கைவிட்டுப் போனார்கள். உடனடிப் பலன் கேட்காமல் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்று யாராவது வாதாடினால் நான் அவர் பக்கம் நிற்பதற்கு இந்த முப்பது வருடமே போதும்.

சரி, இங்கேதான் சிக்கல். எல்.ஈ.டி.க்குள் ஓர் இலத்திரன் மேல்படியிலிருந்து கீழ்ப்படிக்கு விழும்போது ஓர் ஒளித்துணிக்கை பிறக்கிறது. நீல ஒளித்துணிக்கை ஒன்றின் சக்தி ஏறத்தாழ 2.7 இலத்திரன் வோல்ற், அதாவது ஓர் இலத்திரனை 2.7 வோல்ற் தள்ளிவிட்டால் அதற்குக் கிடைக்கும் சக்தி. அவ்வளவு சக்தியோடு ஒளி வெளிவர வேண்டுமென்றால் இலத்திரனை அந்த உயரத்துக்கு ஏற்றிவிட வேண்டும். ஆகவே எல்.ஈ.டி.க்குக் கிட்டத்தட்ட 3 வோல்ற் தேவை. கையில் இருக்கும் ஒற்றை ஏஏ பற்றரியோ புதிதாக இருக்கும்போதே 1.5 வோல்ற்தான். அதை நேரடியாக எல்.ஈ.டி.யில் தொடுத்துப் பாருங்கள், மங்கலாகக்கூட எரியாது. இழைக் குமிழ் குறைந்த வோல்ற்றுக்கு மங்கலாகவாவது எரியும். எல்.ஈ.டி.க்கு அந்தப் படி ஏறினால்தான் வெளிச்சம்.

அப்படியானால் 1.5 எப்படி 3 ஆகிறது? ரோச்சின் தலையைக் கழற்றி, எல்.ஈ.டி.க்குப் பின்னால் இருக்கும் வட்டத் தகட்டைப் பாருங்கள். ஒரு ரூபாய்க் குற்றி அளவுகூட இராது. அதன் நடுவில் கறுப்பாக, சதுரமாக, மிளகை விடச் சற்றுப் பெரிய ஒரு கட்டி. என் மேசையில் இப்போது பிரித்துக் கிடப்பதில் 4ஆர்7 என்று அச்சடித்திருக்கிறது. 4.7 மைக்ரோஹென்றி என்று பொருள், சுருளின் தூண்டலை அளக்கும் அலகு அது. உள்ளே இருப்பது வெறும் செப்புக்கம்பிச் சுருள். எனக்கு இந்த ரோச் முழுவதிலும் மிகப் பிடித்த பாகம் அதுதான்.

தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தவர்களுக்கு இதைச் சொல்லி விளங்கப்படுத்துவது சுலபம். மெசின் ஓடிக்கொண்டிருக்கிறது, நீளமான குழாய் நிறையத் தண்ணீர் பாய்கிறது. அந்த நேரம் யாராவது நுனி வால்வைப் பட்டென்று மூடினால் என்ன நடக்கும்? குழாய் துள்ளும். 'டங்' என்று ஒரு அடி விழும். பொருத்து இளகியிருந்தால் பிடுங்கிக்கொண்டு போய்விடும். மெசின் தருகிற அமுக்கம் அவ்வளவு இல்லை. ஆனால் ஓடிக்கொண்டிருந்த அவ்வளவு தண்ணீரும் சட்டென்று நிற்க மனமில்லாமல் முட்டுகிறது. அந்த முட்டலின் அமுக்கம் மெசினின் அமுக்கத்தைவிடப் பல மடங்கு. வால்வுக்குப் பக்கத்தில் மேல்நோக்கி ஒரு சிறு குழாயைப் பொருத்தினால், ஒவ்வொரு முட்டலுக்கும் கொஞ்சத் தண்ணீர் அதற்குள் உயர ஏறும். பலூன் விட்ட மொங்கொல்பியே சகோதரர்களில் மூத்தவர் 1796 இல் இதையே ஒரு பம்பாகச் செய்தார். என்ஜின் இல்லை, எண்ணெய் இல்லை. தாழ விழும் தண்ணீரின் ஒரு பங்கை விழுந்த உயரத்தைவிட மேலே ஏற்றும்.

சுருளில் ஓடும் மின்னோட்டமும் அப்படித்தான். பற்றரியிலிருந்து சுருள் வழியாக ஓட்டம் வளரும்போது சுருளைச் சுற்றிக் காந்தப்புலம் எழுகிறது. சக்தி அதில் சேர்கிறது. இப்போது ஒரு ஆளி, அதாவது ஒரு திரான்சிஸ்டர், பாதையைப் பட்டென்று துண்டிக்கிறது. ஓட்டம் நிற்க மறுக்கிறது. காந்தப்புலம் சுருங்கும்போது, ஓட்டத்தைத் தொடர்ந்து தள்ளுவதற்கு எவ்வளவு வோல்ற் தேவையோ அவ்வளவையும் சுருளே உண்டாக்குகிறது. திறந்திருக்கும் ஒரே வழி எல்.ஈ.டி.. பற்றரியின் 1.5 வோல்ற்றோடு சுருளின் தள்ளலும் சேர்ந்து மூன்றைத் தாண்ட, படி ஏறியாயிற்று, வெளிச்சம் வந்தாயிற்று. உடனே ஆளி மறுபடி மூடும், அதாவது துண்டித்த பாதையை இணைக்கும், சுருள் மறுபடி நிறையும். இது செக்கனுக்குப் பல இலட்சம் தடவை நடக்கிறது. கண்ணுக்கு ஒரு துடிப்பும் தெரியாது. க.பொ.த. உயர்தரத்தில் தன்தூண்டல் என்று ஒரு சமன்பாடாகப் படித்துவிட்டுப் போகிறோமே, அது இந்த மிளகு அளவுக் கட்டிக்குள் உட்கார்ந்து வேலை செய்கிறது.

வோல்ற் சும்மா கூடுவதில்லை. எல்.ஈ.டி.க்கு 3 வோல்ற்றில் 0.3 அம்பியர் கொடுக்கிறோம் என்று வையுங்கள். அது 0.9 வாற்று. பற்றரி 1.2 வோல்ற் என்றால், சுற்றில் வீணாவதையும் சேர்த்து அதிலிருந்து 0.9 அம்பியருக்குக் கிட்ட உறிஞ்ச வேண்டும்.

ஆனால் எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. பற்றரி இறங்க இறங்க, ஆளி மூடியிருக்கும் நேரம் நீள்கிறது. 1.5 வோல்ற்றில் ஒவ்வொரு சுற்றிலும் பாதி நேரம் சுருளை நிரப்பினால் போதும். 1 வோல்ற்றுக்கு இறங்கினால் மூன்றில் இரண்டு பங்கு நேரம் நிரப்பும். வெளிச்சம் அப்படியே நிற்கும். வானொலியோ சுவர்க் கடிகாரமோ 'செத்துப்போச்சு' என்று கைவிட்ட பற்றரியிலும் இந்தச் சுற்று வெளிச்சம் எடுக்கும்.

1990களில் வன்னியில் இருந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். போர்க்காலம், பற்றரி கொண்டுவரத் தடை. வானொலியில் செய்தி கேட்க வேண்டும் என்பதற்காகச் செத்த பற்றரியைத் தகரக் கூரையில் வெயிலுக்குக் காயப் போடுவோம். ஆணியால் துளைத்து உப்புத் தண்ணீர் விட்டு மெழுகால் அடைப்போம். வெயில் பற்றரிக்குள் போய்ச் சேர்கிறது என்று எங்கள் வளவில் பெரியவர்கள் சொல்வார்கள். வெயில் உள்ளே போவதில்லை. சூட்டில் இரசாயனத் தாக்கம் கொஞ்ச நேரம் வேகமெடுக்கும், உப்புத் தண்ணீர் காய்ந்துபோன உட்பசையை மறுபடி கடத்தவைக்கும். சக்தி முழுவதும் ஏற்கெனவே உள்ளே இருந்ததுதான். ஒரு சுருளும் ஒரு திரான்சிஸ்டரும் இருந்திருந்தால், ஜாம் போத்தல் விளக்கில் சொட்டுச் சொட்டாக மண்ணெண்ணெய் விட்டுப் படித்த பிள்ளைகளுக்கு அந்தப் பற்றரிகளில் எத்தனை இரவு வெளிச்சம் மிச்சம் இருந்திருக்கும் என்று இன்றைக்கும் நினைப்பேன். நீல எல்.ஈ.டி. அப்போது எங்களை எட்டவில்லை. சிவப்பு எல்.ஈ.டி. இருந்தது, சொல்லித்தர ஆள் இல்லை. இப்போது கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் பீடம் இருக்கிறது, வவுனியாவில் 2021 முதல் ஒரு முழுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கிருந்து ஒரு மாணவர் கூட்டம் பெட்டி நிறையச் சுருளோடு கிராமப் பாடசாலைகளுக்குப் போக வேண்டும். அதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

இனித் தம்பியின் முதல் கேள்வி. ஒற்றை ஏஏ பற்றரியில் இயங்கும், அலுமினிய உடல் கொண்ட ரோச்சை எடுங்கள். ஒட்டுசுட்டான் கடையிலும் ஏஏ பற்றரி கிடைக்கும் என்பதே பெரிய காரணம். மூன்று சிறு பற்றரியைப் பிளாஸ்ரிக் கூட்டுக்குள் அடுக்குகிற வகை வேண்டாம். விழுந்தால் முதலில் போவது அந்தக் கூடுதான். கீழே போட்டால் அணைந்து, தட்டினால் எரிகிற ரோச்செல்லாம் அநேகமாக அந்த வகை. தண்ணீர் புகாத் தரத்துக்கான ஐபிஎக்ஸ்7 என்ற குறி போட்டிருந்தால் ஒரு மீற்றர் தண்ணீரில் அரை மணித்தியாலம் தாங்கும். வாய்க்காலுக்குள் விழுந்தால் பயமில்லை.

பெட்டியில் எழுதியதை நம்புவதற்கு முன் ஒரு கணக்குப் போடுங்கள். திரும்ப ஏற்றக்கூடிய நல்ல நிக்கல் ஏஏ ஒன்றில் இருப்பது ஏறத்தாழ 2.4 வாற்று மணித்தியாலம். லூமன் என்பது வெளிச்சத்தின் அளவு. ஒரு வாற்றுக்கு நூறு லூமன் என்று வைத்தால், நூறு லூமன் இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்று மேல் எரியும். ஒற்றைப் பற்றரியில் ஆயிரம் லூமன், பத்து மணித்தியாலம் என்று எழுதியிருந்தால் அது பொய். வீச்சுத் தூரத்தையும் பாதியாக்கிப் பாருங்கள். தர அளவையின்படி, வெளிச்சம் முழுநிலவின் அளவுக்கு, அதாவது 0.25 லக்ஸுக்குக் குறைகிற இடம் வரை அளந்துதான் அதை எழுதுகிறார்கள். அதில் பாதித் தூரத்தில் வெளிச்சம் நான்கு மடங்கு.

வரம்பில் நடக்க முப்பது லூமன் போதும். அங்கே வெளிச்சத்தின் அளவைவிட நிறம் முக்கியம். நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்பதற்கு நூறுக்குப் போடும் புள்ளிதான் நிறங்காட்டும் சுட்டெண். அது 90க்கு மேல் உள்ள எல்.ஈ.டி.யில் சருகும் அதன் மேல் கிடக்கும் புடையனும் வேறுவேறாகத் தெரியும். மோட்டார் சைக்கிள் வயரில் சிவப்பையும் மண்ணிறத்தையும் பிரித்துப் பார்க்கவும் அதுவே உதவும். யானை வயலுக்குள் இறங்கிவிட்டதா என்று தூரத்தில் பார்ப்பதற்கு இந்தச் சிறு ரோச் காணாது. அதற்கு 18650 என்ற அளவு லித்தியம் பற்றரி போட்ட பெரிய ரோச் ஒன்று காவல் பரணில் தனியாக இருக்கட்டும். ஏஏ அளவிலேயே 3.7 வோல்ற் லித்தியம் பற்றரியும் விற்கிறார்கள். உங்கள் ரோச் அதை ஏற்கும் என்று எழுதியிராவிட்டால் போட வேண்டாம், சுற்று எரிந்துவிடும். சாதாரண அல்கலைன் பற்றரியை மாதக்கணக்கில் உள்ளேயே விட்டாலும் கசிந்து உட்புறத்தை அரித்துவிடும். திரும்ப ஏற்றும் நிக்கல் பற்றரி அவ்வளவு கசியாது.

சுருளை நீங்களே செய்து பார்க்க ஆசையிருந்தால், பழுதான சிஎஃப்எல் குமிழின் அடிப்பகுதிக்குள் ஒரு சிறு பெரைற்று வளையம், அதாவது காந்தப்புலத்தைக் கடத்தும் கறுப்புப் பொருளால் ஆன வளையம் இருக்கும். குமிழின் கண்ணாடியை உடைக்க வேண்டாம், உள்ளே பாதரசம் உண்டு. அடிப்பகுதியை மட்டும் கவனமாகக் கழற்றுங்கள். அந்த வளையத்தில் இரண்டு கம்பியைச் சேர்த்துப் பத்துச் சுற்று, ஒரு சி828 திரான்சிஸ்டர், ஒரு ஆயிரம் ஓம் தடை, ஒரு வெள்ளை எல்.ஈ.டி. அவ்வளவுதான். ஜூல் திருடன் என்று இதற்குச் செல்லப் பெயர். சுவர்க் கடிகாரம் நின்றதும் கழற்றிய பற்றரி ஒன்றைப் போட்டு நான் செய்தது, இதை எழுதும்போது மேசையில் மூன்றாவது இரவாக எரிந்துகொண்டிருக்கிறது.