அந்த வாட்டர் பாட்டில்ல இருக்கிறது தண்ணி இல்லைங்க

போன வாரம் நைட் டூட்டில மறுபடியும் ஒண்ணு. ரெண்டே முக்கால் வயசு பாப்பா, வாயிலேருந்து எச்சி ஒழுகிக்கிட்டே இருக்கு, முழுங்க முடியல, அழுதா சத்தம் வரல. கூட அம்மா, அப்பா, அப்பத்தா, ஆட்டோ ஓட்டிட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரர். என்னம்மா குடிச்சான்னு கேட்டா, "தண்ணிதான் டாக்டரம்மா, பாட்டில்ல இருந்த தண்ணி"ங்கிறாங்க அப்பத்தா. அவங்க பொய் சொல்லல. பாத்தா தண்ணி மாதிரிதான் இருந்திருக்கு.

வீட்டுலயே சோப் ஆயில், பினாயில் போடுற குடும்பம். மகளிர் குழு லோன்ல ஆரம்பிச்சது, அம்மா கலக்குவாங்க, அப்பா எக்ஸெல் வண்டில கட்டி தெருத்தெருவா விப்பாரு. காஸ்டிக் சோடாங்கிறது தோலையே சுட்டுடுற கடுமையான ரசாயனக் காரம், தண்ணில போட்டா பயங்கரமா சூடாகும், அதனால முந்தின நாளே கரைச்சு ஆற வச்சிட்டு மறுநாள்தான் ஆசிட் சிலரியோட (சோப் ஆயிலுக்குப் போடுற இன்னொரு சரக்கு) கலப்பாங்க. அன்னைக்கு கொஞ்சம் மிச்சமாயிடுச்சு, கொட்ட மனசு வரல, கைக்கு கெடச்ச ஒரு லிட்டர் வாட்டர் பாட்டில்ல ஊத்தி வச்சாச்சு. கலர் கெடையாது, வாசம் கெடையாது. கல்யாண மண்டபத்துலேருந்து மூட்டையா வாங்குன காலி பாட்டில், தண்ணி கம்பெனி லேபிள் கூட கிழிக்கல. சாயங்காலம் விளையாடிட்டு வந்த புள்ள தாகத்துல எடுத்து ஒரு மடக்கு. அவ்வளவுதான்.

அந்த அம்மாவ நான் திட்டல. வீடும் பட்டறையும் ஒரே ரூம்னா யாருக்கும் இது நடக்கும். ஆனா அதுக்கப்புறம் நடந்ததுதான் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏத்துது, ஏன்னா ஒவ்வொரு கேஸ்லயும் இதேதான். உப்புத்தண்ணி கரைச்சு குடுத்து, வாய்க்குள்ள விரல விட்டு, ரெண்டு தடவ வாந்தி எடுக்க வச்சிட்டு கூட்டிட்டு வந்திருக்காங்க. இதையே பெரிய முதலுதவி மாதிரி வேற சொல்றாங்க.

தயவு செஞ்சு இத ஒரு தடவ நிதானமா படிங்க. காஸ்டிக்கோ ஆசிட்டோ உள்ள போகும்போதே உணவுக்குழாய சுட்டுட்டுதான் போகுது. வாந்தி எடுக்க வச்சா அதே வழியா திரும்பி வரும், அதே புண்ணுல ரெண்டாவது தடவ சுடும், ரெண்டாவது தடவ தொண்டைக்கு வரும்போது கொஞ்சம் நுரையீரலுக்கும் போகும். அப்ப நீங்க வெளிய எடுத்தது விஷத்த இல்ல, சூட்ட ரெட்டிப்பாக்கிட்டீங்க. மண்ணெண்ணெய், தின்னர், டர்பன்டைன் குடிச்ச புள்ளைக்கும் இதேதான், அதெல்லாம் வயித்துல இருக்கிறத விட வாந்தில நுரையீரலுக்குள்ள போறதுதான் பெரிய ஆபத்து. உப்புத்தண்ணி அதிகமா குடுத்தா சின்னப் புள்ளைக்கு ரத்தத்துல உப்பு ஏறி ஃபிட்ஸ் வரும், அது தனிக் கதை. சாணித்தண்ணி பத்தி நான் பேசவே போறதில்ல.

காஸ்டிக் காரத்துக்கு புளிப்பு குடுத்தா முறிஞ்சிடும்னு எலுமிச்சம் சாறு புழிஞ்சு ஊத்திட்டு வந்தவரு ஒரு பிளஸ் டூ கெமிஸ்ட்ரி வாத்தியார். சார், டெஸ்ட் டியூப்ல அது கலக்கும்போது சூடாகும்னு நீங்கதானே சொல்லிக் குடுக்கிறீங்க? முட்டை வெள்ளக்கரு, தேங்காண்ணெய், வெளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம்.

ஆஸ்பத்திரிக்கு வந்தப்புறமும் இது விடாது. "வயித்த கழுவ மாட்டேங்கிறாங்க, சும்மா படுக்க வச்சிருக்காங்க"ன்னு வார்டு வாசல்ல சண்டை. பூச்சிமருந்துக்கு கழுவறத பாத்து எல்லாத்துக்கும் கழுவணும்னு ஒரு நெனப்பு. வெந்து போன குழாய்க்குள்ள டியூப சொருகினா ஓட்டை விழுந்துடும்ங்க. நாங்க சும்மா இருக்கிற மாதிரி தெரியறதுதான் அப்ப வைத்தியம். முதல் 24 மணி நேரத்துக்குள்ள எண்டோஸ்கோப்பி (கேமரா விட்டு உள்ள பாக்கறது) பாத்தாத்தான் உள்ள எவ்வளவு வெந்திருக்குன்னே தெரியும். உதட்டுல புண்ணே இல்லையே, நல்லாத்தானே இருக்குன்னு வீட்டுக்கு கூட்டிட்டுப் போயிடாதீங்க, உதடு சுத்தமா இருந்து உள்ள மோசமா இருந்த புள்ளைங்கள பாத்திருக்கேன்.

நடந்துட்டா என்ன பண்றது: வாய்ல இருக்கிறத ஈரத்துணியால தொடச்சு எடுங்க. தோல்லயோ கண்ணுலயோ பட்டிருந்தா குழாய் தண்ணில 15, 20 நிமிஷம் விடாம கழுவுங்க, அழுதாலும் விடாதீங்க. (பெட்டிக்கடை வச்சிருக்கவங்களுக்கு: சுண்ணாம்பு பாக்கெட்ட அமுக்கி விளையாடி கண்ணுல தெறிச்சாலும் இதேதான், கழுவிட்டு அப்புறம் வாங்க.) வாய் வழியா எதுவும் குடுக்காம 108-க்கு போன் பண்ணுங்க. பாட்டிலையும் கையோட கொண்டு வாங்க. அந்தப் பாட்டில பாத்துதான் நாங்க பாதி முடிவு எடுக்கிறோம், நீங்க என்னடான்னா கோவத்துல சாக்கடையில வீசிட்டு வர்றீங்க.

இப்ப தொழில் பண்றவங்களுக்கு. உங்க லாபம் எனக்குத் தெரியாதுன்னு இல்ல, காலி வாட்டர் பாட்டில் சும்மா கெடைக்குது, புது கேன் வாங்கினா ஒரு லிட்டருக்கு அஞ்சு பத்து ரூபா ஏறும், தெருவுல பேரம் பேசுற அக்காங்க அத குடுக்க மாட்டாங்க. இருந்தாலும் கேக்கறேன். வெள்ளை பினாயில் மோர் மாதிரி இருக்கு, சோப் ஆயில் ஜூஸ் மாதிரி இருக்கு, டாய்லெட் ஆசிட் லெமன் மாதிரி இருக்கு, மூணையும் தண்ணி பாட்டில்ல ஊத்திக் குடுத்தா எழுதப் படிக்கத் தெரியாத புள்ள என்னன்னு நெனைக்கும்? 2013-ல சுப்ரீம் கோர்ட்டு ஆசிட் விக்கிறதுக்கு ஐடி கார்டு பாக்கணும், ரெஜிஸ்டர்ல எழுதணும், 18 வயசுக்குக் கீழ குடுக்கக்கூடாதுன்னு சொல்லிச்சு. எங்க தெருவுல மைக் செட்ல பாட்டுப் போட்டு விக்கிறாங்க. என் மாமியாரே ரெண்டு பாட்டில் வாங்கி சிங்க் அடியில வச்சிருந்தாங்க, டாக்டர் வீட்டு லட்சணம் இது.

அமெரிக்காவுல செவாலியர் ஜாக்சன்னு ஒரு தொண்டை டாக்டர், இதே காஸ்டிக்க குடிச்ச புள்ளைங்களப் பாத்துப் பாத்து வெறுத்துப்போய் டப்பாவுல விஷம்னு லேபிள் ஒட்டணும்னு வருஷக்கணக்கா போராடி 1927-ல சட்டமே கொண்டு வர வச்சாரு. நூறு வருஷம் ஆகப் போகுது. நாம இன்னும் லேபிள கிழிக்காத வாட்டர் பாட்டில்லயே நிக்கிறோம்.

காஸ்டிக் கரைக்கிற வேலைய புள்ள தூங்குற நேரத்துல வச்சுக்கோங்க, மிச்சத்த எடுத்து வைக்காதீங்க, சரக்கு வைக்கிற இடத்துக்கு பூட்டு போடுங்க, சாவி உங்க தாலிக் கயித்துல இருக்கட்டும். உயரத்துல வச்சா போதும்னு நெனைக்காதீங்க, ஸ்டூல இழுத்துப் போட ரெண்டு வயசுலயே கத்துக்குதுங்க.

தை மாசம் வந்த ஒரு பையன், டீக்கடை வீட்டுப் புள்ள, பாத்திரம் தேய்க்க வாங்கி வச்ச சோப் ஆயில் காஸ்டிக்கா இருந்தது. அன்னைக்கு மூணு நாள்ல பால் குடிச்சான், வீட்டுக்குப் போனாங்க, சந்தோஷமா ஸ்வீட் கூட குடுத்தாங்க. நாலாவது வாரம் சோறு இறங்கல. புண்ணு ஆறும்போது குழாய் சுருங்கிடும், அதுதான் நாங்க பயப்படுறது. இப்ப மாசம் ரெண்டு தடவ மயக்கம் குடுத்து குழாய விரிச்சு விடுறாங்க, அன்னைக்கெல்லாம் கடைக்கு லீவு. ஏழு தடவ ஆச்சு. ரசஞ்சோறு மசிச்சுக் குடுத்தா இறங்குது. இட்லி இன்னும் இறங்கல, கடையில வடை போடும்போது பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே இருப்பானாம்.